தொலைநிலையில் அக்ரி டிகிரியா? என் தம்பிக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன படிப்பு, எவ்வளவு செலவாகும் என்று அலைகிற வீடுகளுக்காக எழுதுகிறேன். முக்கியமாக, பிள்ளையை வெளியூரில் தங்கவைத்துப் படிக்கவைக்க வசதி இல்லாத வீடுகளுக்கு.

எங்களுக்குத் தர்மபுரி மாவட்டத்தில் ஒன்றரை ஏக்கர், கிணற்றுப் பாசனம். தம்பிக்கு பி.எஸ்சி. அக்ரி என்றால் உயிர். 2024இல் கவுன்சலிங்கில் கட்-ஆஃப் எட்டவில்லை. அவன் சாப்பிடாமல் கிடந்த அந்த வாரத்தில்தான் தாலுகா ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஒருவர் அப்பாவைப் பிடித்தார். கிராமப்புறத்தில் இருக்கும் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி, "அவங்களோட ஸ்டடி சென்டரே நம்மதுதாண்ணா. அக்ரி தொலைநிலையிலயே இருக்கு. சனி, ஞாயிறு கிளாஸ், மத்த நாள் பையன் காட்டு வேலை பாக்கட்டும்" என்றார். லேப்டாப், ஸ்காலர்ஷிப், பஸ் பாஸ், ஹாஸ்டல் எல்லாம் உண்டாம். தபாலில் படிக்கிறவனுக்கு ஹாஸ்டல் எதற்கு என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. முதல் வருடத்துக்கு 42,000 ரூபாய். அப்பா கறவை மாட்டை விற்றுக் கட்டினார்.

அந்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. மண்டியில் எழுதிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி மஞ்சள் பில் புக் தாள். மேலே பல்கலைக்கழக முத்திரை போல மங்கலாக ஒரு வட்டம். 'அட்மிஷன்' என்ற ஒரு வார்த்தைதான். என்ன படிப்பு என்று இல்லை, எந்த ஆண்டு என்றும் இல்லை. பணம் போனது ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு. "வெரிஃபிகேஷனுக்கு வேணும்" என்று பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், டி.சி. மூன்றையும் ஒரிஜினலாக வாங்கிக்கொண்டார்.

ஜனவரி வரை ஒரு புத்தகம் வரவில்லை. போன் செய்தால் அடுத்த வாரம், அடுத்த வாரம். நானும் தம்பியும் மூன்று பஸ் மாறி அந்தப் பல்கலைக்கழகத்துக்கே போனோம். கவுண்டரில் இருந்த அம்மா எங்கள் சேர்க்கை எண்ணைத் தட்டிப் பார்த்தார். "இது எங்க நம்பரே இல்லம்மா. தொலைநிலையில அக்ரி எந்த யுனிவர்சிட்டியும் நடத்த முடியாது" என்றார். தம்பி அந்தச் சீட்டை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். ஊர் வந்து சேரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன்பிறகுதான் விதிகளைத் தேடிப் படித்தேன். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2020ஆம் ஆண்டு தொலைநிலைக் கல்வி விதிகளில், தபாலில் நடத்தவே கூடாத படிப்புகள் என்று ஒரு பட்டியல் உண்டு. வேளாண்மை, தோட்டக்கலை, நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, சட்டம், ஓட்டல் மேனேஜ்மென்ட் எல்லாம் அதில் வருகின்றன. படிப்பு மையத்தைத் தனியாருக்குக் குத்தகை போல விடவும் கூடாது. எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பைத் தொலைநிலையில் நடத்தலாம் என்பது யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்திலேயே இருக்கிறது. பத்து நிமிட வேலை. இப்போது தொலைநிலையில் சேர மாணவரே அங்கே பதிந்து டெப் ஐடி என்கிற தனி அடையாள எண் எடுக்க வேண்டும். அதைப் பற்றிக் கேட்காமலே "அட்மிஷன் போட்டாச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் தொலைநிலையில் சான்றிதழ்ப் படிப்புகள் நடத்துவது உண்மைதான். காளான் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு போன்றவை. அவை நல்ல படிப்புகள்தான், ஆனால் டிகிரி வேறு.

ஒரிஜினல் விஷயத்தில்தான் மிகவும் அவதிப்பட்டோம். அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், கல்லூரியோ பல்கலைக்கழகமோகூடப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018இலேயே யுஜிசி சொல்லிவிட்டது. இந்த ஆளோ, "மூணு வருஷ ஃபீஸ் முழுசும் கட்டினாத்தான் தருவேன்" என்றார். காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிய மறுநாளே சான்றிதழ்கள் வந்துவிட்டன. பிளஸ் டூ சான்றிதழின் ஓரத்தில் ஸ்டேப்ளர் துளைகள் இருக்கின்றன. பணத்தில் 18,000 கொடுத்தார். மீதி 24,000க்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட்டிருக்கிறேன். 5 லட்சம் வரை அங்கே மனுக் கட்டணம் கிடையாது. ஜிபேயில் கட்டி ஏமாந்தவர்கள் அன்றைக்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துவிடுங்கள். நாங்கள் ஆறு மாதம் கழித்து அழைத்தோம்.

இந்த வருடம் தம்பி அரசுக் கலைக் கல்லூரியில் தாவரவியல் சேர்ந்திருக்கிறான். ஆன்லைன் விண்ணப்பத்துக்கு 50 ரூபாய். சேரும்போது கட்டியது எல்லாம் சேர்த்து 3,000க்குள். அவனோடு பிளஸ் டூ படித்தவர்கள் அங்கே இரண்டாம் ஆண்டில் இருக்கிறார்கள்.

போன வாரம் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். அந்தக் கம்ப்யூட்டர் சென்டர் இருக்கும் அதே மாடியில் புது பேனர் கட்டியிருக்கிறார்கள். இந்த முறை நர்சிங்.