பச்சைக் குறியை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

ஒளியியல் வடிவமைப்பை இயந்திர வரைபட மென்பொருளுக்கு மாற்றி, சோதனை அறிக்கையோடு தருவதாகச் சொல்லும் நிறுவனங்களிடம் வேலை கொடுக்கவிருக்கும் மலையகப் பட்டறைக்காரர்களுக்காக எழுதுகிறேன். அறிக்கையில் வரிக்கு வரி பச்சைக் குறி இருக்கிறதா? எந்த எல்லையை வைத்து அந்தக் குறி விழுந்தது என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் பழைய கலர் சோர்ட்டர் இருக்கிறது. தூளோடு கலந்துவரும் காம்பையும் நாரையும் கெமரா நிறம் பார்த்துப் பிடிக்கும். காற்று ஊதித் தள்ளிவிடும். கெமரா வில்லை கெட்டுப்போனது, அதைச் செய்த கம்பனியிடம் உதிரிப்பாகம் இல்லை. ஒளியியல் படித்த என் அக்கா மகன் புதிய வில்லைத் தொகுதியை வடிவமைத்துக் கொடுத்தான். வில்லைகளைத் தனியே வாங்கினோம். அவற்றைத் தாங்கும் அலுமினியக் குழலை வரைந்து, சோதித்து, கடைந்து தரும் வேலையைத்தான் கொழும்பு நிறுவனம் ஒன்றிடம் பாதி முற்பணத்தோடு ஒப்படைத்தோம்.

வடிவமைப்புக் கோப்போடு மூன்று எல்லைகளையும் மருமகன் எழுதியே கொடுத்திருந்தான். குழலுக்குள் வைத்தபின் ஒளிப்புள்ளியின் பரவல் 10 சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது. குழலின் விளிம்பில் முட்டி இழக்கும் ஒளி 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சுவரில் பட்டுத் தெறித்துப் படத்துக்குள் புகும் வேண்டாத ஒளி 1 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். செயல்திறன் டொலரன்ஸ் என்பது இதுதான். உலோகம் வருமுன் வில்லை தந்த படத்தையும், வந்த பின் தரும் படத்தையும் மென்பொருள் ஒப்பிடும். வித்தியாசம் எல்லைக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. எல்லையை எவ்வளவு என்று வைப்பது மனிதரின் கையில்.

குழல் வந்தது, அழகான அறிக்கையும் வந்தது. பொருத்தி ஓட்டினால் நடுவில் படம் தெளிவு, இரு ஓரமும் மங்கல். தூள் இறங்கும் ஓரத்துச் சரிவில் காம்பு தப்பியது. அதே ஓரத்தில் நல்ல தூளையும் இயந்திரம் ஊதித் தள்ளியது. காம்பு கலந்த தூள் கொழும்பு ஏலத்தில் என்ன விலைக்குப் போகும் என்று தோட்டத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிறுவனத்தைக் கேட்டேன். “உங்கள் பக்கத்துப் பனிமூட்டம் வில்லையில் படிந்திருக்கும் அண்ணன்” என்றார்கள். மூடிய பெட்டிக்குள், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கெமராவுக்குப் பனிமூட்டமாம்!

மூலக் கோப்பைத் தராவிட்டால் மீதிப் பணம் இல்லை என்று சொன்ன பிறகே அனுப்பினார்கள். திறந்து பார்த்த மருமகன் சிரித்துவிட்டான். “மாமா, எல்லைகளைப் பாருங்கள்.” பரவலுக்கு 300, விளிம்பு இழப்புக்கு 40, வேண்டாத ஒளிக்கு 25 சதவீதம் என்று மாற்றியிருந்தார்கள். இப்படி வைத்தால் மூங்கில் குழாய்கூடப் பாஸாகும்.

ஏன் மாற்றினார்கள் என்பதும் அந்தக் கோப்பிலேயே தெரிந்தது. எங்கள் வில்லையின் மேற்பரப்பு கோளத்தின் பகுதி அல்ல, ஒரு சமன்பாடு சொல்லும் வளைவு. வரைபட மென்பொருள் அதைத் துண்டுத் துண்டு வளைவுகளாக்கித்தான் ஏற்கும். அந்த மாற்றத்தின் டொலரன்ஸை, அதாவது அதில் அனுமதிக்கும் பிழையை, இவர்கள் 0.01 மில்லிமீட்டரில் விட்டுவிட்டார்கள். கடைசல்காரருக்கு அது நல்ல துல்லியம். வில்லையின் பிழையை ஒளியின் அலைநீளத்தோடுதான் ஒப்பிட வேண்டும். பச்சை ஒளியின் அலைநீளமோ ஏறத்தாழ 0.00055 மில்லிமீட்டர், அனுமதித்த பிழை அதைப்போல சுமார் 18 மடங்கு. சோதனையில் புள்ளி சிதறிச் சிவப்பு காட்டியிருக்கிறது. மாற்றத்தைத் திருத்தாமல் எல்லையைத் தளர்த்திவிட்டார்கள். மற்ற இரண்டையும் சேர்த்துத் தளர்த்தியதால் உண்மையான குறைகளும் பச்சைக்குள் ஒளிந்துகொண்டன: வில்லையை இறுக்கும் வளையத்தின் துளை சிறிது, உட்சுவர் கறுப்புப் பூச்சில்லாமல் பளபளக்கிறது.

வேலை கொடுக்கும்போது எல்லைகளின் எண்களை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அறிக்கையில் குறி மட்டும் போதாது. வைத்த எல்லையும் கிடைத்த அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். முக்கோணத் துண்டுகளாலான எஸ்.டி.எல். கோப்பை வில்லைக்கு ஏற்காதீர்கள். வளைவை வளைவாகவே வைத்திருக்கும் ஸ்டெப் கோப்பு கேளுங்கள், எந்த டொலரன்ஸில் எடுத்தார்கள் என்பதையும் கேளுங்கள். மூலக் கோப்பு கைக்கு வருமுன் மீதியைக் கட்டாதீர்கள்.

முற்பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். மீதியை நான் கொடுக்கவில்லை. வளையத்தை அகலமாக்கி, உட்புறத்தைக் கறுப்பாக்கும் வேலை இப்போது கம்பளையில் ஒரு கடைசல் பட்டறையில் நடக்கிறது.