கம்பியா, பயிற்சியா, கைத்தடியா?

அம்மாவுக்கு 72 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். போன வருடம் சிங்கப்பூரின் யீஷூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குளியலறையில் துண்டு காயப்போடும் கம்பியைப் பிடித்து எழுந்தார். கம்பி திருகாணியோடு கையில் வந்துவிட்டது. விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. அப்புறம், அம்மா மறுபடி விழாமலிருக்க வீட்டில் ஆளுக்கொரு யோசனை: அண்ணனுக்குக் கைப்பிடிக் கம்பி, மாமிக்குக் கைத்தடி, எனக்கு உடற்பயிற்சி.

கம்பியின் பெரிய பலம், அன்றைக்கே பயன் தரும். 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருக்கும் வீவக வீட்டுக்கு, மூத்தோர் வீட்டைப் பாதுகாப்பாக்கும் அரசின் ஈஸ் திட்டத்தில் கைப்பிடி, வழுக்காத தரைப் பூச்சு எல்லாம் கிடைக்கும். சிங்கப்பூர்க் குடிமக்களின் வீடு என்றால் செலவில் 87.5 முதல் 95 விழுக்காடு வரை மானியம். ஆனால் ஓட்டை போடுமுன் அம்மாவைக் கழிப்பறையில் உட்காரவைத்து, எழும்போது கை எங்கே போகிறது என்று பாருங்கள். எங்கள் அம்மாவின் கை நாங்கள் குறித்த இடத்துக்கு ஒரு சாண் கீழே போனது. முடக்குவாதத்தால் விரல் மடங்காதவர்களுக்கு முன்கையைச் சாய்த்துக்கொள்ள இடம் வேண்டும். இறுக்கிப் பிடிக்க அவர்களால் முடியாது. எண்ணெய்க் குளியல் நாளில் தரையைச் சோப்புப் போட்டுக் கழுவியே ஆகவேண்டும்.

சரி, தேக்கா சந்தையின் ஈரத் தரையில் கம்பிக்கு எங்கே போவது? அங்கே கால்தான் காப்பாற்ற வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, உடற்பயிற்சி விழுதலை ஏறக்குறைய 23 விழுக்காடு குறைப்பதாகச் சொல்கிறது. மெதுவான அசைவுகள் கொண்ட சீன உடற்பயிற்சியான தாய் சீயும் குறைக்கலாம் என்கிறது. வெறும் நடைப்பயிற்சிக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. சமநிலைதான் முக்கியம்: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, சமையல் மேடையைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது. வலி கூடிய நாளில் குறைத்துச் செய்யலாம், அடியோடு நிறுத்தக் கூடாது. வலிக்குப் பயந்து உட்கார்ந்தால் தொடைத் தசை இளைத்து முழங்கால் இன்னும் ஆடும். குறை ஒன்றுதான், பலன் தெரிய மாதங்கள் ஆகும்.

கைத்தடி நல்லதுதான், பிடிக்கத் தெரிந்தால். வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்கவேண்டும். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு வரைதான் உயரம். மாமி வாங்கி வந்தது விலா வரை இருந்தது.

என் முடிவு: ஏற்கெனவே விழுந்தவர் என்றால் முதலில் வீட்டைச் சரிசெய்யுங்கள், அதே மாதமே பயிற்சியும் தொடங்கட்டும். இன்னும் விழாதவருக்குப் பயிற்சிதான் முதலில். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு வேகமாக மெலிகிறது. ஒரு முறை விழுந்தாலே இடுப்பெலும்பு போய்விடலாம்.

அம்மா இப்போது வாரம் இரண்டு நாள் புளோக்குக்குக் கீழே தாய் சீக்குப் போகிறார். கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் கிடந்த மிதியடியை நேற்றுதான் எடுத்தோம்.