பேத்திக்கு முதலில் கைத்தையலா, மெஷினா?

ஜூன் பள்ளி விடுமுறையில், "பாட்டி, எனக்கும் தைக்கச் சொல்லிக்கொடுங்க" என்று வந்து நின்றாள் என் எட்டு வயதுப் பேத்தி. கையில் ஊசியைக் கொடுப்பதா, மெஷினில் உட்கார வைப்பதா? இரண்டையும் செய்து பார்த்தோம்.

கைத்தையலுக்குச் செலவே இல்லை. சிங்கப்பூர் தேக்கா சந்தை மாடியில் எனக்கு ரவிக்கை தைப்பவர் ஒரு பை நிறையத் துண்டுத்துணி கொடுத்தார். பருத்தியை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஷிஃபான் வழுக்கும், குழந்தைக்கு ஆகாது. நூலை நீளமாக விட்டால் சிக்கும், ஒரு முழம் போதும். முதலில் ஊசியை மேலும் கீழுமாக விட்டு எடுக்கும் ஓட்டுத்தையல், அப்புறம் வளையம் வளையமாகப் போகும் சங்கிலித்தையல். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருப்பதில்லை. வீட்டில் எப்போதும் ஆங்கிலம் பேசுகிறவள் முடிச்சு, விளிம்பு, மடிப்பு, காஜா என்று தமிழில் கேட்க ஆரம்பித்தாள். எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

மெஷினில் பலன் சீக்கிரம் தெரியும். ஒரே மதியத்தில் தலையணை உறை தயார். ஆனால் அடிநூல் சுற்றிய பாபினை மாட்டுவது, நூல் இறுக்கம் எல்லாம் நான்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஊசிக்குப் பக்கத்தில் விரல் போகிறதா என்ற பயம் வேறு. நூல் கோக்காமல், கோடு போட்ட தாளில் ஓட்டிப் பழகுவது நல்ல வழி. இரவில் கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்கும், பகலில்தான் முடியும்.

பத்து வயதுக்குள் என்றால் நான் கைத்தையலையே சொல்வேன். பொறுமையே இல்லாத பிள்ளை என்றால் மட்டும் மெஷின், அதுவும் பக்கத்திலேயே உட்கார்ந்து. இப்போது அவள் பொம்மைக்குப் பாவாடை தைக்கிறாள், கையால்.