ஐந்து வருஷம், நாலு கடன்: உபயோகித்தவள் எழுதுகிறேன்

மிக்ஸி வாங்கினால் மூன்று வருஷம் ஓட்டிவிட்டு எப்படி உழைக்கிறது என்று எழுதுகிறோம். கடனைப் பற்றி அப்படி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. கார்டு, ஆப், மகளிர் குழு, நகை என்று நாலையும் நான் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

மதுரையில் ஒரு கல்லூரி வாசலுக்கு எதிரே எங்களுக்கு ஜெராக்ஸ் கடை. இரண்டு மிஷின், ஒரு ஸ்பைரல் பைண்டிங், பரீட்சை சமயத்தில் ரோடு வரை வரிசை. 2020 மார்ச்சில் கல்லூரியைப் பூட்டினார்கள். அதற்கப்புறம் பல மாதம் ஒரு பேனா விற்கவில்லை. கடை வாடகை மட்டும் நிற்காமல் ஓடியது.

முதலில் கை போனது கிரெடிட் கார்டுக்குத்தான். மளிகை, மாமாவுக்கு மருந்து, பையனின் ஆன்லைன் வகுப்புக்கு ஒரு போன். கேள்வி கேட்க ஆள் இல்லை, தேய்த்தால் சாமான் வந்துவிடும். அந்த நேரம் ரிசர்வ் வங்கி மூன்று மாதம், பிறகு இன்னொரு மூன்று மாதம் என்று ஆகஸ்ட் 31 வரை தவணையைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம் என்றது. தள்ளிவைப்பு என்று அவர்கள் சொன்னது என் காதில் தள்ளுபடி என்று விழுந்தது. ஆறு மாதமும் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. செப்டம்பர் ஸ்டேட்மென்டில் நின்ற தொகை 84,000. வட்டிக்கு வட்டி போட்டதை நவம்பரில் அரசு திருப்பிக் கொடுத்தபோது எங்களுக்கு வந்தது ஒரு வாரக் காய்கறிக்குக்கூடக் காணாது.

அந்த ஸ்டேட்மென்டில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒரு கட்டம் இருக்கும். 4,200 கட்டினால் போதும் என்று போட்டிருந்தது. நல்ல மனுஷன் கொடுத்த சலுகை மாதிரி தெரிந்தது. கடையில் வேலை இல்லாத ஒரு மத்தியானம் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் மூன்றரை சதவீத வட்டி 2,940. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 529. இரண்டும் சேர்ந்து 3,469. ஆக, நான் கட்டும் 4,200இல் கடனில் கழிவது 731 ரூபாய். இப்படி ஆறு மாதம் 25,000 கட்டினேன், கடன் ஐயாயிரம்கூட இறங்கவில்லை. இதில் இன்னொரு சூதும் உண்டு. முழுத் தொகையைக் கட்டாமல் பாக்கி வைத்தால் புதிதாக வாங்கும் சாமானுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. ஐம்பது நாள் வட்டியில்லை என்று சொல்லிக் கொடுப்பதெல்லாம் பாக்கி இல்லாதவர்களுக்கு.

இத்தனைக்கும் என் கழுத்தில் நாலு பவுன் செயின் தொங்கிக்கொண்டிருந்தது.

அதை ஏன் வைக்கவில்லை என்று கேட்பீர்கள். அத்தை வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. "விசேஷ வீட்டுல மொதல்ல கழுத்தத்தான்டீ பாப்பாளுக" என்று எப்போதோ ஒருநாள் யாரையோ பற்றிச் சொன்னது எனக்குப் போதுமானதாக இருந்தது. கார்டுக் கடன் யார் கண்ணுக்கும் தெரியாது, கழுத்து தெரியும். அந்த ஒரு காரணத்துக்காக மாதம் 3,469 ரூபாய் வாடகை கொடுத்து என் செயினை நானே போட்டுக்கொண்டு திரிந்தேன்.

மகளிர் குழுக் கடன் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பத்துப் பேர் சேர்ந்து எடுத்தோம், எனக்கு 30,000. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தவணை. ஒருத்தி கட்டவில்லையென்றால் மற்ற ஒன்பது பேர் போடவேண்டும். வசூலுக்கு வருகிற பையன் திண்ணையில் உட்கார்ந்துவிடுவான், அவனை அங்கே உட்காரவைத்துக்கொண்டு நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்போம். பணம் ஒழுங்காகக் கட்டி முடிந்தது. அதில் எனக்குப் போனது ஒரு சிநேகிதி.

ஆப் கடன் எடுத்தது 2020 டிசம்பரில், குழுத் தவணை கட்டத்தான். 6,000 கேட்டேன், கைக்கு வந்தது 3,900. மிச்சம் ‘செயல்பாட்டுக் கட்டணம்’. ஏழாம் நாள் 6,000 கட்டவேண்டும். ஆறாம் நாளே போன் வர ஆரம்பித்துவிட்டது. எட்டாம் நாள் என் போனில் இருந்த நம்பர்களுக்கெல்லாம் மெசேஜ் போனது. அதில் கடைக்கு வழக்கமாக வருகிற பேராசிரியர் ஒருவரும் இருந்தார். அவர் எதுவும் கேட்காமல் மறுநாள் இருநூறு பக்கம் ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டுப் போனார், அதுதான் தாங்கவில்லை. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதற்கு விதி கொண்டுவந்தது. கடன் தருகிற நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக நம் கணக்குக்குப் பணம் வரவேண்டும், மொத்தச் செலவை முன்னாலேயே ஒரு தாளில் காட்டவேண்டும், போனில் இருக்கும் நம்பர்களையும் படங்களையும் தொடக்கூடாது. கள்ள ஆப்கள் விதி பார்த்தா நடக்கும்? மிரட்டல் வந்தால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930க்கு அடியுங்கள். நான் அப்போது யாரிடமும் புகார் சொல்லவில்லை, பயந்து கட்டினேன்.

அதற்கப்புறம்தான் செயின் கழுத்திலிருந்து இறங்கியது. 2021 பிப்ரவரி. தெருமுனையிலேயே வங்கி இருக்கிறது. தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று இரண்டு பஸ் மாறி ஊரின் அந்தக் கோடிக்குப் போனேன். உள்ளே நுழைந்தால் வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் தெரு அக்கா, மடியில் சுருக்குப்பை. "நீயுமா?" என்றார். இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மதிப்பீட்டாளர் செயினை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார், மேலே ஒரு சொட்டு அமிலம் விட்டார், கோடு அழியவில்லை. டாலரில் கல் இருந்ததால் ஒன்றேகால் கிராம் கழித்தார். "கூலிக்கும் சேதாரத்துக்கும் நீங்க கொடுத்தது இங்க வராதும்மா" என்றார். வராதுதான். அப்போது கொரோனாவுக்காக வங்கிகள் நகை மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்று மார்ச் 31 வரை தளர்த்தியிருந்தார்கள், அதற்கு முன் 75தான். ஒன்பது சதவீத வட்டிக்கு 1,10,000 எடுத்தேன். கார்டை அன்றைக்கே முழுசாக அடைத்தேன். 1,10,000க்கு மாத வட்டி 825 ரூபாய். பஸ்ஸில் அந்தக் கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், தப்பாக இருக்குமோ என்று.

நகைக்கடனில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். வருஷத்துக்கு ஒருமுறை வட்டியைக் கட்டி அதே நகையைத் திருப்பி வைத்துக்கொண்டே போகலாம் என்பது பெரிய சோம்பேறித்தனத்துக்கு இடம் கொடுக்கும். 2022, 2023 இரண்டு வருஷமும் அசலில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. 2025இல் போனபோது வட்டி மட்டும் போதாது, அசலையும் கட்டி முடித்துவிட்டுத்தான் மறுபடி வைக்கவேண்டும் என்றார்கள். அதற்குள் 60,000க்கு இறக்கியிருந்தேன். வாசலில் ஒருவர் ஒரு நாளைக்குப் பணம் தருகிறேன் என்று நின்றார். 60,000க்கு 600 கேட்டார். காலையில் வாங்கி மத்தியானம் கொடுத்த பணத்துக்கு ஒரு சதவீதம். கார்டுக்காரனே பரவாயில்லை போல.

அந்த ஜூனில் புதிய விதிகள் வந்தன. இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். முழுக்கக் கட்டிய பிறகு ஏழு வேலை நாளுக்குள் நகையைத் தரவேண்டும், அவர்கள் பக்கத் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் நமக்கு. 2026 ஏப்ரல் 1க்குள் எல்லோரும் இதற்கு மாறியாகவேண்டும் என்று கெடு வைத்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. என் வீட்டுக்காரரின் கார்டு ஒன்று வேறு வங்கியுடையது, 41,000 பாக்கி. 2022 கடைசியில் வசூல்காரர் ராத்திரி எட்டே முக்காலுக்குப் போன் செய்தார். ஏழு மணிக்கு மேல் கூப்பிடக்கூடாது என்று விதி இருக்கிறதே என்றேன். குரல் உடனே இறங்கியது. 22,000 கட்டினால் முடித்துவிடலாம் என்றார். முடித்தோம், பெருமையாகக்கூட இருந்தது. 2024இல் புது மிஷினுக்கு லோன் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் ‘செட்டில்டு’ என்று நிற்கிறது. கட்டி முடித்தது என்றால் ‘குளோஸ்டு’ என்று இருக்கவேண்டுமாம். பிறகு விட்டுப்போன 19,000த்தையும் கட்டி, பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்கி, திருத்தச் சொல்லி அலைந்தோம். இந்த ரிப்போர்ட்டைத் தயாரிக்க சிபிலையும் சேர்த்து நாலு நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தரவேண்டும். காசு கொடுத்து வாங்காதீர்கள்.

போன ஐப்பசியில் செயினை மீட்டேன். பிளாஸ்டிக் உறையைக் கத்தரித்து எடை போட்டுக் காட்டினார்கள். டிபன் பாக்ஸில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "கொக்கி லூசா இருக்கு, மாத்திரு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

கார்டு இன்னும் இருக்கிறது. லிமிட்டை 20,000க்குக் குறைக்கச் சொல்லிவிட்டேன், கரன்ட் பில் மட்டும் அதில். ஜூனில் கல்லூரி திறக்கும் முன் பேப்பர் கட்டு மொத்தமாக எடுக்கவேண்டும், செயின் திரும்ப உள்ளே போகும். இந்தத் தடவை தெருமுனை வங்கியில்.