பனிக்கால மெழுகுப் பூச்சுக்குக் காரைக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

கடந்த நவம்பர் மாதத்தின் கடைசி வாரத்தில், கனடாவின் ஸ்காபரோவில் நம்மவர் ஒருவர் நடத்தும் கராஜில், என்னுடைய கறுப்பு நிறக் கொறொல்லாவைப் பனிக்கால மெழுகுப் பூச்சுக்காகக் கொடுத்தேன். நான் அளித்த முறைப்பாடு இன்னும் முடிவடையாததால் அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அங்கே நடந்தது வேறு எந்தக் கராஜிலும் நடக்கக்கூடியது என்பதால், இந்த ஆண்டு வீதிகளில் பனியை உருக்க உப்பு தூவத் தொடங்குவதற்கு முன்னரே இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

காரை முழுமையாகக் கழுவுவது, பழைய மெழுகை நீக்குவது, களிக்கட்டியால் தேய்த்து ஒட்டியிருக்கும் துகள்களை எடுப்பது, பின்னர் மேலே கார்னோபா மெழுகும் அடிப்பகுதியிலும் கதவுகளின் உட்புறத்திலும் தடித்த பாதுகாப்பு மெழுகும் பூசுவது என்று எல்லாவற்றுக்குமாக 180 டொலர் என எழுதித் தந்தார்கள். நான்கு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். ஒன்றரை மணித்தியாலத்தில் கார் தயார் என்று அழைப்பு வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் போனபோது கராஜின் பெரிய கதவு திறந்தே கிடந்தது. உள்ளேயும் வெளியே இருந்த அதே குளிர்தான். காரின் கதவிடுக்குகளில் தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. பற்றுச்சீட்டில் 265 டொலர் போட்டிருந்தார்கள். ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மதிப்பீடாகச் சொன்ன தொகைக்கு மேல் 10 சதவீதத்துக்கு அதிகமாக வாங்க முடியாது என்பது அன்று எனக்குத் தெரியாது. சாவி அவர்கள் கையில் இருந்தது; கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றிரவே முதற்பிரச்சினை தெரிந்தது. நெடுஞ்சாலை 401இல் தூறல் விழுந்தபோது வைப்பரைப் போட்டேன். கண்ணாடி முழுவதும் பால் தடவியதுபோல் மங்கி, எதிரே வந்த வாகனங்களின் வெளிச்சம் சிதறிப் பாதையே தெரியவில்லை. மெழுகு முன்கண்ணாடியிலும் படிந்திருந்தது. அதை எடுப்பதற்கு ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த துணியால் மூன்று முறை துடைக்க வேண்டியிருந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் ஓரங்களில் காய்ந்துபோன வெள்ளைத் திட்டுகள் இன்றுவரை முழுதாகப் போகவில்லை.

உண்மையான சேதம் மார்ச் மாதத்தில்தான் வெளிப்பட்டது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பின் இடது கதவுக்குள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்கத் தொடங்கியது. குனிந்து கதவின் அடிவிளிம்பைத் தடவிப் பார்த்தேன். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்கென்று அங்கே சிறு வடிகால் துளைகள் இருக்கும். அவை மூன்றும் மஞ்சள் நிற மெழுகால் இறுக அடைபட்டிருந்தன. ஒரு பிளாஸ்டிக் குச்சியால் குத்தியதும் துருக்கலங்கிய பழுப்புத் தண்ணீர் என் சட்டைக் கைக்குள் ஓடியது. பனிக்காலம் முழுவதும் உப்பு நீர் அந்தத் தகரத்துக்குள்ளேயே தேங்கி நின்றிருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால், உப்பேறிய இடம் இலகுவில் காய்வதில்லை. மெழுகின் வேலை ஈரத்தை வெளியே நிறுத்துவது. ஈரத்தின் மேலும் அழுக்கின் மேலும் பூசினால் அதே மெழுகு அவற்றை உள்ளே பூட்டி வைத்துவிடுகிறது. கழுவுவதும், பழையதை நீக்குவதும், முற்றாகக் காயவிடுவதும்தான் இந்த வேலையின் பெரும்பகுதி. என்னிடம் பணம் வாங்கியவர்கள் விட்டுவிட்டது அந்தப் பகுதியைத்தான்.

திரும்பப் போய்க் காட்டியபோது, "அண்ணை, இந்த நாட்டு உப்புக்கு ஆர் என்ன செய்யலாம்?" என்று கேட்டார் உரிமையாளர். வாதாடிய பிறகு, திட்டுத் திட்டாக நின்ற பழைய மெழுகை இலவசமாக எடுத்துத் தருவதாகச் சொன்னார். நான் சம்மதித்தது என்னுடைய இரண்டாவது பிழை. மெழுகை எடுப்பதற்குப் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும், மெழுகு நீக்கும் திரவமும், களிக்கட்டியும், பொறுமையும் போதும். அவர்களோ சுழல் இயந்திரத்தில் கரடான பஞ்சுத்தட்டை மாட்டி உராய்வுப் பசையால் தேய்த்தார்கள். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பொனட் முழுவதும் சிலந்தி வலைபோல் வட்டக் கீறல்கள். முன்விளிம்பில் ஒரு விரலளவு இடத்தில் நிறமே போய்ச் சாம்பல் நிற அடிப்பூச்சு தெரிந்தது. வேறொரு பெயின்ற் வேலைக்காரர் கருவி வைத்து அளந்தார். கூரையில் 118 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிப்பில் இருந்த பூச்சு, அந்த விளிம்பையொட்டி 61தான் இருந்தது. காரின் மேலுள்ள தெளிவான காப்புப் பூச்சே ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோன்தான் என்பதால், அங்கே இனித் தேய்த்துச் சரிசெய்ய எதுவும் மிச்சமில்லை என்றார்.

பனிக்காலம் முழுவதும் நிற்கும் என்று அவர்கள் சொன்னதும் பொய்தான். பிரேசில் நாட்டுப் பனை வகையொன்றின் இலையிலிருந்து எடுக்கப்படும் கார்னோபா மெழுகு நல்ல பளபளப்பைத் தரும்; ஆனால் உப்பும் அடிக்கடி கழுவுதலும் சேர்ந்தால் இரண்டு மாதம் தாங்குவதே பெரிது. ஏப்ரல் வரை நிற்க வேண்டுமானால் செயற்கைக் காப்புப் பூச்சைத்தான் கேட்க வேண்டும். எதுவானாலும் 10 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்த தகரத்தில் சரியாகப் பிடிக்காது. ஆகவே நவம்பர் கடைசியில் சூடாக்கப்படாத கராஜில் பூசித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். கொடுப்பதானால், மெழுகு பூசுவதற்கு முன் கார் காய்ந்த நிலையில் இருப்பதை உங்கள் கண்ணால் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். அனுமதிக்காத இடத்தில் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

கடந்த ஆண்டு எங்காவது கதவுகளுக்குள் மெழுகு அடித்தவர்கள், இன்றைக்கே கதவைத் திறந்து அடிவிளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள். துளை அடைபட்டிருந்தால் உலோகக் கம்பியால் குத்தாதீர்கள், பெயின்ற் உரிந்துவிடும். மரக்குச்சியோ பிளாஸ்டிக் குச்சியோ போதும்.