பாதி விலைக்கு வந்திருக்கும் ஆங்கிலச் சொல் செயலி: வாங்கலாமா?

கீழக்கரைத் தோழி கேட்டாள்: "நீ வச்சிருக்கிற இங்கிலீஷ் ஆப் பாதி விலைக்கு வந்திருக்காமே, மகளுக்கு வாங்கிக் கொடுக்கவா?" மகள் நர்சிங் முடித்துவிட்டு, பிரிட்டன் போவதற்காக, மருத்துவத் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்குப் படிக்கிறாள். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன். மண்டபத்தில் வீட்டிலேயே இந்தத் தேர்வுக்குச் சொல்லிக் கொடுப்பவள் என்பதால் இந்தச் செயலி தினமும் என் கையில்தான் இருக்கிறது. பெயர் வேண்டாம்.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மனம் வராது. உச்சரிப்பு அருமை. ஒவ்வொரு சொல்லுக்கும் பிரிட்டிஷ் குரல் ஒன்று, அமெரிக்கக் குரல் ஒன்று. அழுத்தம் விழும் அசை மட்டும் தடித்த எழுத்தில் தெரியும். தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் சொல்லின் பொருள் மாறாது. அதனாலேயே நம் பிள்ளைகளின் காதில் இந்த வித்தியாசம் விழுவதில்லை. ஹோட்டல் என்பதில் நாம் முதல் அசையை அழுத்துகிறோம், அவர்கள் இரண்டாவதை. டெவலப்பும் அப்படித்தான். வெஜிடபிளை நாம் நான்கு அசையாக இழுக்கிறோம், அவர்களுக்கு மூன்றுதான். இதையெல்லாம் நான் வாயால் சொல்லிக் காட்டினால் மாணவிகள் சிரிக்கிறார்கள். செயலி சொன்னால் பவ்யமாகத் திரும்பச் சொல்கிறார்கள்! குரல்களை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளவும் முடிகிறது. தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

விளக்கங்களும் சுத்தமாக, எளிய சொற்களில் இருக்கின்றன. அதில் குறையில்லை.

என் எரிச்சல் எல்லாம் சொல்லுக்குப் பக்கத்தில் கலர் கலராக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த நிலை முத்திரை மேல்தான். தொடக்கநிலையான ஏ1 முதல் உச்சமான சி2 வரையான அந்த ஆறு படிகள் ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்டவை. மொழி கற்கும் ஆளை அளப்பதற்காக வந்தவை அவை. இந்தப் படியில் இருப்பவரால் என்னென்ன செய்ய முடியும் என்று சொல்பவை. சொல்லுக்கு முத்திரை குத்துவது அதற்குப் பிறகு வந்த வேலை. அதையும் ஒழுங்காகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ்காரர்கள், கற்பவர்கள் தேர்வில் எழுதிய விடைகளைத் திரட்டிப் பார்த்து, ஒரே சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி நிலை கொடுத்திருக்கிறார்கள். இந்தச் செயலியில் சொல்லுக்கு ஒரே முத்திரை, அவ்வளவுதான்.

இதனால் என்ன ஆகிறது? மொபைல் என்றால் ஏ1. போன்தானே, யாருக்குத் தெரியாது! ஆனால் பிரிட்டிஷ் வார்டு குறிப்பில் நோயாளி 'மொபைல்' என்று எழுதியிருந்தால், அவர் எழுந்து நடமாடுகிறார் என்று பொருள். 'ஆஃப் ஹெர் ஃபுட்' என்றால் அந்த அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நோயாளி காய்ச்சலோடு 'பிரசன்ட்' ஆனார் என்றால் அந்த அறிகுறியோடு வந்து சேர்ந்தார். வினைச்சொல்லாகும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போய்விடும். அதைச் செயலி சரியாகவே உச்சரிக்கிறது, ஆனால் முத்திரை மட்டும் பரிசுப் பொட்டலத்துக்குக் கொடுத்த அதே ஏ1. மேல்நிலைப் பயிற்சிக்கு வரும் பெண்கள் எல்லோரும் 'சி நிலை மட்டும்' என்று வடிகட்டி வைத்துக்கொள்வார்கள். இந்தச் சொற்கள் அவர்கள் கண்ணிலேயே படாது. 'எங்கும் இருக்கிற' என்பதற்கான யுபிக்விட்டஸ் மனப்பாடம், மொபைலில் முழிப்பு.

மறுபக்கக் கூத்து இன்னும் மோசம். ட்ராலர், அதாவது வலை இழுக்கும் விசைப்படகு, சி2! அச்சில் ஒரு சொல் எத்தனை தடவை வருகிறது என்பதை வைத்துப் போட்ட கணக்காக இருக்க வேண்டும். பாம்பனில் பால்வாடிப் பிள்ளையும் சொல்லும் சொல்லை என் மாணவி ஒருத்தி, விசைப்படகுக்காரர் மகள், சரியாகச் சொன்னதற்குத் திரை முழுக்க காகிதப் பூ தூவி 'உயர்நிலைச் சொல்லை வென்றீர்கள்' என்று வாழ்த்தியது. அவள் அப்பாவிடம் காட்டினாளாம். "இதுக்கா காசு கட்டுறோம்?" என்று கேட்டாராம் மனுஷன்.

சரி, பிடிக்கவில்லை என்றால் மறைத்து வைக்கலாம் என்று பார்த்தால் அதற்கு வழியே இல்லை. நிறுவனத்துக்கு எழுதினேன். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று பதில் வந்தது. அடுத்த பதிப்பில் முத்திரை இன்னும் பெரிதாகிவிட்டது.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுப்பேன். என் சந்தாவை நேற்றே புதுப்பித்துவிட்டேன், அது வேறு விஷயம். அந்தக் குரல்கள் இல்லாமல் வகுப்பு எடுக்க முடியவில்லை. உன் மகளுக்கும் வாங்கிக் கொடு, ஆனால் ஒரு வருடத்துக்கு மட்டும். பிரிட்டனில் செவிலியர் பதிவுக்கு ஓஇடியின் எழுத்துப் பகுதியில் சி பிளஸ் கிரேடு போதும், கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் அதைவிட உயர்ந்த பி கிரேடு வேண்டும் (இவை அந்த முத்திரைப் படிகள் இல்லை). அவள் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் இது கை கொடுக்கும். அந்த வடிகட்டியை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லிவை. ஏ1 சொல்லாக இருந்தாலும் கடைசிப் பொருள் வரை இறங்கிப் படிக்கட்டும்.