வாக்காளர் அட்டையில் பூட்டான்: இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த அனுபவம்

எங்கள் வீட்டில் யாருக்கும் பாஸ்போர்ட் கிடையாது. நான் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு பார்க்கிறேன். சீசனில் ஓசூர் போய் வரவே லீவு கிடைக்காது, இதில் வெளிநாடு எங்கே? ஆனாலும் 2023 அக்டோபரில் அம்மா, மனைவி, எட்டு வயது மகள், நான் என்று நான்கு பேரும் பூட்டான் போய் வந்தோம். பெரியவர்கள் மூவரும் எல்லையில் நீட்டியது வாக்காளர் அடையாள அட்டை. தேர்தலுக்குத் தேர்தல் மட்டும் பீரோவை விட்டு வெளியே வரும் அந்த அட்டைக்குத்தான் இந்த விமர்சனம்.

இந்தியர்களுக்குப் பூட்டான் விசா தேவையில்லை, நுழைவு அனுமதிதான் வேண்டும். அதற்கு ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, இரண்டில் ஒன்று போதும். ஆதார் எடுபடாது. "ரேஷன் கடையிலேருந்து பேங்க் வரைக்கும் ஆதார் கேக்கறான், அங்க மட்டும் வேணாமா?" என்று அம்மாவுக்குக் கடைசிவரை சந்தேகம். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். மகளுடையது ஆன்லைனில் எடுத்தது, தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருந்ததால் அதில் தொல்லையில்லை.

தொல்லை அம்மாவின் அட்டையில் இருந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் ஊர்ப் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார வைத்து எடுத்த படம். லேமினேஷன் பழுப்பேறி, முகம் இருக்க வேண்டிய இடத்தில் மூக்குத்தி மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. எண்ணும் அந்தக் காலத்துச் சாய்கோடு போட்ட நீள எண். பெயர் தமிழில் சரி, ஆங்கிலத்தில் ஓர் எழுத்து குறைச்சல். கணவர் பெயர் என்ற இடத்தில் என் தாத்தாவின் பெயர்! அதை வைத்துக்கொண்டுதான் அத்தனை தேர்தலிலும் ஓட்டுப் போட்டிருக்கிறார், ஒருவரும் கேட்டதில்லை.

திருத்தத்துக்குப் படிவம் 8. தேய்ந்த அட்டைக்கு மாற்று அட்டை கேட்பதும் அதிலேயேதான். நான் சோம்பேறித்தனமாக ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கொடுக்க, அவர்கள் புது வாக்காளருக்கான படிவம் 6-ஐ நிரப்பி அனுப்பிவிட்டார்கள். அறுபது வயதுக்காரர் புது வாக்காளராம். விண்ணப்பம் தள்ளுபடி ஆனது, ஐந்து வாரம் வீண். இரண்டாம் முறை நானே போனில் உட்கார்ந்து போட்டேன். வாக்குச்சாவடி அலுவலர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். ஜூலைக் கடைசியில் தபாலில் புது பிளாஸ்டிக் அட்டை வந்தது: கலர் படம், மூன்று எழுத்தும் ஏழு எண்ணுமாகப் புது நம்பர். அதைக் கையில் வாங்கிய பிறகுதான் விமான டிக்கெட் போட்டேன். மொத்தத் திட்டத்தில் நான் புத்திசாலித்தனமாகச் செய்த ஒரே காரியம் அது.

செலவுக் கணக்கில் பலருக்கும் இடறுவது அந்த நாட்டின் சுற்றுலாக் கட்டணம். 2022 செப்டம்பரில் எல்லையைத் திறந்தபோது, இந்தியருக்குத் தலைக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் என்று வைத்தார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை பாதி. எங்களுக்கு ஓர் இரவுக்கு 4,200, ஐந்து இரவுக்கு 21,000. ஓட்டல், கார், சாப்பாடு எல்லாம் அதற்கு மேல். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் முதல் இரவை எல்லைக்கு இந்தப் பக்கம் ஜெய்காவிலேயே கழித்தோம். பூட்டான் பணமான நுல்ட்ரமும் நம் ரூபாயும் ஒன்றுக்கு ஒன்று என்பதால் பணம் மாற்றும் தலைவலி இல்லை. திரும்பும்போது மட்டும் மிச்ச நுல்ட்ரத்தை அங்கேயே செலவழித்துவிட வேண்டும்.

பயணத்தில் மிகவும் களைப்பான பகுதி கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு விமான நிலையம்தான். சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டுவதற்குள் பாதி உயிர் போய்விட்டது. மேற்கு வங்கத்தின் பாக்டோக்ரா விமான நிலையத்தில் இறங்கியபின் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே காரில் நான்கு மணி நேரம், அது சுகம்.

மறுநாள் எல்லைக்கு அந்தப் பக்கம், பூட்டானின் புன்ட்ஷோலிங் ஊரில் அனுமதி அலுவலகம். முதல் ஆளாக நிற்கலாம் என்று எட்டேமுக்காலுக்குப் போனால் அங்கே ஒன்பதே கால். பூட்டான் கடிகாரம் நம்மைவிட அரைமணி முன்னால் ஓடுகிறது என்பதைப் படித்திருந்தும் மறந்துவிட்டேன். கவுண்டரில் இருந்த பெண் அம்மாவின் அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். அம்மா மூக்குத்தியைத் தொட்டுக் காட்டினார். அந்தப் பெண் சிரித்துவிட்டார். பழைய அட்டையோடு போயிருந்தால் அந்த இடத்தில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

அப்புறம் ஊர் சுற்றியதை நிறையச் சொல்ல வேண்டியதில்லை. திம்புவில் டிராபிக் சிக்னலே கிடையாது. பாரோவில் 3,120 மீட்டர் உயரத்தில் பாறையோடு ஒட்டி நிற்கும் தக்சாங் மடத்துக்கு, நம் ஏற்காட்டைப் போல இரண்டு மடங்கு உயரத்துக்கு, அம்மா பாதி வழி டீக்கடை வரை ஏறினார். மிளகாயும் சீஸும் சேர்த்துச் செய்யும் எமா தாட்சி என்ற குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "பச்ச மொளகாயவே காய்கறியா பண்ணிருக்காங்கப்பா" என்றார். ஆனாலும் தட்டைக் காலி செய்தார்.

சரி, அட்டைக்கு வருவோம். என் அட்டையைப் பர்ஸில் வைத்து அதன் மேலேயே இரண்டு வருடம் உட்கார்ந்ததில், ஒரு மூலையில் மேல் ஏடு பிரிந்து எண்ணின் கடைசி இலக்கம் மங்கிவிட்டது. அம்மாவும் மனைவியும் உறையில் போட்டு வைத்த அட்டைகள் புதுசாகவே இருக்கின்றன. விமானத்தில் நேபாளம் போகவும் இது செல்லும் என்பதால், அடுத்த லீவுக்கு முன்னால் எனக்கும் ஒரு மாற்று அட்டை கேட்க வேண்டும். சிங்கப்பூர், இலங்கை ஆசை இருப்பவர்கள் 1,500 ரூபாய் கட்டிப் பாஸ்போர்ட்டே எடுத்துவிடுங்கள், இந்த அட்டை அங்கே உதவாது.

2024 ஏப்ரல் 19 அன்று வாக்குச்சாவடியில் அம்மா உறையோடு அட்டையை நீட்டினார். உள்ளே மடித்து வைத்திருந்த பூட்டான் அனுமதித் தாளும் கூடவே வந்தது. அலுவலர் அதைப் பிரித்துப் பார்த்து, "இது என்னங்கம்மா?" என்றார். பின்னால் வரிசை நிற்கிறது, அம்மா மிளகாய்க் குழம்பிலிருந்து ஆரம்பித்துவிட்டார்.